ஏரி நீரைப் பங்கிடும் கணக்கு
(லக்ராஞ்சுப் பெருக்கி முறை பற்றிய ஒரு பாடம்)

ஏரி நிரம்பிய ஆண்டில் எவரும் கணக்குக் கேட்பதில்லை. கலிங்கில் நீர் வழிந்தோடும்போது மேல்மடைக்காரருக்கும் கீழ்மடைக்காரருக்கும் இடையே வழக்கு எழுவதில்லை. ஏரி பாதியளவே பெருகிய ஆண்டில்தான் ஊர்க் கூட்டத்தில் குரல் உயர்கிறது. “எங்கள் நெல் காய்கிறது” என்பார் ஒருவர். “எங்கள் கடலை மட்டும் நனைந்தா கிடக்கிறது?” என்பார் மற்றொருவர். நீர்க்கட்டி இருவருக்கும் நடுவே நின்று தவிப்பார். முடிவில், குரல் வலுத்தவர் பக்கம் மடை திறக்கப்படுவதும், அல்லது மனத்தாங்கலைத் தவிர்க்கும் பொருட்டு ஆளுக்குப் பாதி என்று பிரித்து விடுவதும் நாம் அறிந்த வழக்கங்களே.

இவ்விரண்டு வழிகளைக் காட்டிலும் மேலான வழி ஒன்று உண்டா? உள்ள நீரைக் கொண்டு ஊர் முழுவதற்கும் கிடைக்கக்கூடிய மிகுந்த பயன் எவ்வளவு? அதைப் பெறுவதற்கு நீரை எவ்வாறு பங்கிட வேண்டும்? இக்கேள்விகளுக்கு விடை காணும் கணித முறை ஒன்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வழக்கில் இருந்து வருகிறது. அதற்கு லக்ராஞ்சுப் பெருக்கி முறை என்று பெயர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் அறிந்த எவரும் இதன் உட்பொருளை அறிந்துகொள்ளலாம். அதனைப் படிப்படியாக விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

வரம்பும் நோக்கமும்

எந்தக் காரியத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் இரண்டு கூறுகள் இருப்பதைக் காணலாம். ஒன்று, நாம் அடைய விரும்பும் நோக்கம். மற்றொன்று, நாம் மீற முடியாத வரம்பு. குறைந்த சிமெண்டில் தொட்டி கட்ட வேண்டும் என்பது நோக்கம். அத்தொட்டி இத்தனை கன மீட்டர் நீரைக் கொள்ள வேண்டும் என்பது வரம்பு. மிகுந்த மகசூல் காண வேண்டும் என்பது நோக்கம். ஏரியில் இவ்வளவு நீர்தான் உண்டு என்பது வரம்பு. வரம்பே இல்லையானால் கணக்கும் தேவையில்லை. வரம்பு இருப்பதால்தான், ஓரிடத்தில் கூட்டினால் மற்றோரிடத்தில் குறைக்க வேண்டியதாகிறது.

மலைச்சரிவில் சம உயர வரப்புப் போடும் வழக்கத்தை நம் உழவர்கள் அறிவார்கள். ஒரு குன்றின் சரிவில் சம உயரக் கோடுகள் வரையப்பட்டிருப்பதாகவும், அக்குன்றின் குறுக்கே ஒரு வண்டிப்பாதை செல்வதாகவும் வைத்துக்கொள்வோம். நாம் பாதையை விட்டு விலகக் கூடாது, இதுவே வரம்பு. பாதையில் மிக உயர்ந்த இடம் எது? பாதை சம உயரக் கோடுகளை வெட்டிக்கொண்டு செல்லும் வரையில் நாம் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கிறோம். ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் உச்சியில், பாதையானது சம உயரக் கோடு ஒன்றை வெட்டாமல் தொட்டுக்கொண்டு செல்லும். வெட்டுவது நின்று தொடுவது நிகழும் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே லக்ராஞ்சு முறையின் சாரம்.

லக்ராஞ்சு யார்?

ஜோசப் லூயி லக்ராஞ்சு என்பார் 1736-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் தூரின் நகரில் பிறந்தார். பத்தொன்பதாம் வயதிலேயே ஆய்லர் என்னும் பெருங்கணித அறிஞருக்குக் கடிதம் எழுதி அவருடைய பாராட்டைப் பெற்றார். 1766-ஆம் ஆண்டில் ஆய்லர் பெர்லினை விட்டுச் சென்றபின், அந்நகரின் அறிவியற் கழகத்தில் அவருடைய இடத்தை ஏற்றார். 1787-ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்குச் சென்று, 1813-இல் மறையும் வரையில் அங்கேயே வாழ்ந்தார். 1788-இல் வெளிவந்த அவருடைய இயக்கவியல் நூலில் பெருக்கி முறை இடம்பெற்றது. பின்னர் 1797-இல் வெளியான மற்றொரு நூலில், பெரும மதிப்பையும் சிறும மதிப்பையும் காணும் பொதுவான வழியாகவும் அதனை விளக்கினார்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அளவைகளைச் சீர்ப்படுத்த அமைக்கப்பட்ட குழுவிலும் லக்ராஞ்சு பணியாற்றினார். அக்குழுவினரின் உழைப்பால் பிறந்ததே மீட்டர் முறை. நம் நாடு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக அம்முறையை ஏற்றுக்கொண்டது. ஆகவே, படியும் வீசையும் போய்க் கிலோகிராம் வந்த கதையில் இவ்வறிஞருக்கும் பங்கு உண்டு எனலாம்.

கடைசி நாளின் பயன்

இனி நம் ஏரிக்கு வருவோம். விளக்கத்தின் பொருட்டு எளிய எண்களை அமைத்துக்கொள்வோம். ஒரு மடையை ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்தால் செல்லும் நீரை ஒரு மடைநாள் என்று கொள்வோம். இரு மடைகளும் ஒரே அளவானவை. ஏரியில் 20 மடைநாளுக்குரிய நீர் இருக்கிறது. மேல்மடையின் ஆயக்கட்டில் நெல் பயிராகியுள்ளது. கீழ்மடையின் ஆயக்கட்டு பரப்பில் பெரியது. அங்கே நிலக்கடலையும் பயறு வகைகளும் பயிராகின்றன.

மேல்மடைக்கு முதல் நாள் விடும் நீரால் 39 ஆயிரம் ரூபாய்ப் பயன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் நீரால் 37 ஆயிரம். மூன்றாம் நாள் நீரால் 35 ஆயிரம். இவ்வாறு நாள்தோறும் இரண்டிரண்டு ஆயிரமாகக் குறைந்துகொண்டே வரும். கீழ்மடைக்கு முதல் நாள் நீரால் 23 1/2 ஆயிரம். இரண்டாம் நாள் 22 1/2. மூன்றாம் நாள் 21 1/2. அங்கே குறைவு நாளொன்றுக்கு ஓராயிரமே. பரப்பு அகன்றதாகையால் அங்கே பயன் மெல்லக் குறைகிறது.

பயன் ஏன் குறைய வேண்டும் என்று சிலர் கேட்கலாம். வாடும் பயிருக்கு விடும் முதல் நீர் உயிரளிக்கும். நிறைந்த வயலுக்கு விடும் நீர் வடிகாலுக்கே போகும். உரத்திலும் இதுவே உண்மை. முதல் மூட்டை தரும் பலனைப் பத்தாம் மூட்டை தருவதில்லை. ஜெர்மானிய வேளாண் அறிஞர் மிச்சர்லிக் இவ்வுண்மையை 1909-ஆம் ஆண்டில் ஒரு கணித விதியாகவே எழுதினார்.

இப்போது ஒவ்வொரு மடைநாளையும், எங்கே அதிகப் பயன் தருமோ அங்கே கொடுத்துக்கொண்டு வருவோம். முதல் எட்டு நாட்கள் மேல்மடைக்கே செல்லும். எட்டாம் நாளின் பயன் அங்கே 25 ஆயிரம். ஒன்பதாம் நாள் அங்கே 23 ஆயிரம்தான். கீழ்மடையின் முதல் நாளோ 23 1/2 ஆயிரம் தரும். எனவே அடுத்த நாள் கீழ்மடைக்கு உரியது. இவ்வாறே ஒப்பிட்டுக்கொண்டு சென்றால், 20 நாட்களும் தீரும்போது மேல்மடைக்கு 12 நாளும் கீழ்மடைக்கு 8 நாளும் ஆகியிருக்கும். மேல்மடையின் பன்னிரண்டாம் நாள் 17 ஆயிரம் தந்தது. கீழ்மடையின் எட்டாம் நாள் 16 1/2 ஆயிரம் தந்தது. அடுத்த நாளை எங்கே கொடுத்தாலும் 15 அல்லது 15 1/2 ஆயிரமே கிடைக்கும். ஆதலின், ஒருவரிடமிருந்து ஒரு நாளை எடுத்து மற்றவருக்குக் கொடுப்பதால் ஊருக்கு ஆதாயமில்லை.

மொத்தப் பயனை ஒப்பிட்டுப் பார்ப்போம். 12-க்கு 8 என்று பங்கிட்டால் 336 ஆயிரமும் 160 ஆயிரமும் சேர்ந்து 496 ஆயிரம் ரூபாய். ஆளுக்குப் பத்து நாள் என்று பிரித்தால் 490 ஆயிரம். மேல்மடைக்கு 14, கீழ்மடைக்கு 6 என்றாலும் 490 ஆயிரமே. 20 நாளையும் மேல்மடைக்கே விட்டால் 400 ஆயிரம்தான். குரல் வலுத்தவர் பக்கம் மடை திறந்ததால் ஊருக்கு நேர்ந்த நட்டம் 96 ஆயிரம்!

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. மொத்தப் பயன் மிகுவது, கடைசி அளவு நீரின் பயன் எல்லா மடைகளிலும் சமமாகும்போதுதான். சமமாக வேண்டியது நீரின் அளவன்று. கடைசி அளவின் பயனே. இவ்வேறுபாட்டை உறுப்பினர்கள் நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பெருக்கி என்பது நீரின் விலை

இரண்டு மடைகளானால் நாள் நாளாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருபது மடைகளும் ஐந்து பயிர்களும் இருந்தால் என் செய்வது? இங்கேதான் லக்ராஞ்சின் யுக்தி உதவுகிறது.

மேல்மடைக்கு விடும் நாட்களை ‘மே’ என்றும் கீழ்மடைக்கு விடும் நாட்களை ‘கீ’ என்றும் குறிப்போம். மேலே கண்ட பயன்களைக் கூட்டினால் வரும் தொகைகள் இவை:

மேல்மடையின் பயன் = 40 × மே − மே × மே
கீழ்மடையின் பயன் = 24 × கீ − (கீ × கீ) ÷ 2
வரம்பு: மே + கீ = 20

(மே = 12 என்று இட்டால் 480 − 144 = 336 என்று வருவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.)

நீருக்கு ஒரு விலை இருப்பதாகக் கற்பனை செய்வோம். ஒரு மடைநாளுக்கு ‘ப’ ஆயிரம் ரூபாய். இதுவே பெருக்கி. உண்மையில் எவரும் பணம் கட்டப்போவதில்லை. இது கணக்குக்காக வைத்துக்கொண்ட விலையே. இவ்விலையில் உங்களுக்கு எத்தனை நாள் வேண்டும் என்று ஒவ்வொரு மடைக்காரரையும் தனித்தனியே கேட்போம். கடைசி நாளின் பயன் விலைக்குச் சமமாகும் வரையில் அவர்கள் நீரை விரும்புவார்கள். மேல்மடையில், மே நாட்கள் நீர் பெற்ற நிலையில், மேலும் சிறிதளவு நீரின் பயன் நாளொன்றுக்கு 40 − 2 × மே என்னும் வீதத்தில் இருக்கும். கீழ்மடையில் அது 24 − கீ. கணித நூல்கள் இதனை வகைக்கெழு என்று கூறும். ஆகவே,

40 − 2 × மே = ப
24 − கீ = ப

விலை 10 என்று வைத்துப் பார்ப்போம். மேல்மடை 15 நாளும் கீழ்மடை 14 நாளும் கேட்கும். மொத்தம் 29, ஏரியில் இருப்பதோ 20. விலை போதாது. விலையை 20 ஆக்கினால் 10 நாளும் 4 நாளும் கேட்பார்கள். மொத்தம் 14, நீர் மிஞ்சுகிறது. விலை மிகுதி. 16 என்று வைத்தால் 12-உம் 8-உம் கேட்பார்கள். மொத்தம் சரியாக 20. ஆகவே பெருக்கியின் மதிப்பு 16. முன்பு நாள் நாளாக எண்ணிக் கண்ட விடையே இங்கும் வந்துவிட்டது.

இதனையே லக்ராஞ்சு சுருக்கமாக ஒரு கோவையில் அடக்கினார். மொத்தப் பயனிலிருந்து, பெருக்கியால் பெருக்கிய வரம்பைக் கழிக்க வேண்டும்:

மொத்தப் பயன் − ப × (மே + கீ − 20)

பின்னர் வரம்பை மறந்துவிட்டு, இக்கோவை மே-யினாலும் கீ-யினாலும் மாறும் வீதத்தைத் தனித்தனியே சுழியாக்க வேண்டும். அப்போது மேலே எழுதிய இரண்டு சமன்பாடுகளும் கிடைக்கும். வரம்பு மூன்றாவது சமன்பாடு. தெரிய வேண்டியவை மூன்று, சமன்பாடுகளும் மூன்று. மடைகள் எத்தனையானாலும், மடைக்கு ஒரு சமன்பாடும் வரம்புக்கு ஒரு சமன்பாடும் எழுதி விடை காணலாம்.

பெருக்கி சொல்லும் செய்தி

பெருக்கியானது விடை காண உதவும் கருவி மட்டுமன்று. அதுவே ஒரு செய்தி. இன்னும் ஒரு மடைநாள் நீர் கிடைத்தால் ஊரின் பயன் ஏறக்குறைய எவ்வளவு கூடும் என்பதை அது கூறுகிறது. நீர் குறையக் குறைய அது எவ்வாறு உயர்கிறது என்பதைக் கீழே காண்க:

20 மடைநாள்: மேல்மடை 12, கீழ்மடை 8, பெருக்கி 16 ஆயிரம்
17 மடைநாள்: மேல்மடை 11, கீழ்மடை 6, பெருக்கி 18 ஆயிரம்
14 மடைநாள்: மேல்மடை 10, கீழ்மடை 4, பெருக்கி 20 ஆயிரம்
11 மடைநாள்: மேல்மடை 9, கீழ்மடை 2, பெருக்கி 22 ஆயிரம்
8 மடைநாள்: மேல்மடை 8, கீழ்மடை 0, பெருக்கி 24 ஆயிரம்

ஏரியில் 44 மடைநாள் நீர் இருந்தால் மேல்மடைக்கு 20, கீழ்மடைக்கு 24 என்று இரு பக்கமும் நிறைவு பெற்றுவிடும், பெருக்கி சுழியாகும். அதற்குமேல் வரும் நீர் கலிங்கில் வழிந்தாலும் இப்போகத்துக்கு இழப்பில்லை. கட்டுப்படுத்தாத வரம்புக்கு விலை இல்லை என்பது இதன் பொருள்.

இவ்வுண்மை பஞ்சாயத்தின் திட்டங்களுக்கு மிகவும் பயன்படும். ஏரி நிரம்பியும் 14 மடைநாள் நீரே கிடைக்கிறது என்றால், கட்டுப்படுத்துவது ஏரியின் கொள்ளளவு. தூர் வாரி ஒரு மடைநாளுக்குரிய கொள்ளளவைக் கூட்டினால், அத்தகைய ஆண்டுதோறும் ஏறக்குறைய 20 ஆயிரம் ரூபாய்ப் பயன் உண்டு. தூர் வாரும் செலவை இதனுடன் ஒப்பிட்டு முடிவு செய்யலாம். ஏரி நிரம்பாமலே 14 மடைநாள் நீர் நிற்கிறது என்றால், கொள்ளளவு நம்மைக் கட்டுப்படுத்தவில்லை. அதன் விலை சுழி. அப்போது தூர் வாருவதால் அவ்வாண்டு நீர் கூடாது. வரத்துக் கால்வாயில் மண்டிய புதரை வெட்டுவதே ஏற்ற பணி. எந்த வரம்பு நம்மைப் பிடித்து நிறுத்துகிறது என்று அறியாமல் செலவு செய்வது, பூட்டிய கதவை விட்டுவிட்டுத் திறந்த கதவுக்குச் சாவி தேடுவது போலாகும்.

நியாயமும் கணக்கும்

இனி, இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். மேலே உள்ள பட்டியலின் கடைசி வரியை மறுபடியும் படிக்க வேண்டுகிறோம். 8 மடைநாள் நீரே உள்ள வறட்சி ஆண்டில், கணக்கானது கீழ்மடைக்கு ஒரு சொட்டும் கொடுக்கவில்லை! மொத்தப் பயன் 256 ஆயிரம் என்னவோ உண்மைதான். ஆனால் கீழ்மடைக் குடும்பங்கள் அவ்வாண்டு எதைக் கொண்டு உயிர் வாழும்?

குற்றம் கணக்கினுடையதன்று. மொத்தப் பயனை மிகுதியாக்கு என்று மட்டுமே நாம் அதனைக் கேட்டோம். அது அதற்கு மட்டுமே விடை கூறியது. எவரும் அடியோடு கைவிடப்படக் கூடாது என்பது நம் விருப்பமானால், அதனையும் ஒரு வரம்பாக எழுத வேண்டும். கீழ்மடைக்கு எந்த ஆண்டிலும் 3 மடைநாளுக்குக் குறையாமல் நீர் தரவேண்டும் என்று ஊர் தீர்மானிப்பதாகக் கொள்வோம். அப்போது 8 நாளில் மேல்மடைக்கு 5, கீழ்மடைக்கு 3. பயன் 175 ஆயிரமும் 67 1/2 ஆயிரமும் சேர்ந்து 242 1/2 ஆயிரம். மொத்தத்தில் குறைந்தது 13 1/2 ஆயிரம்.

கீழ்மடையை வாழவைப்பதற்கு ஊர் முழுவதும் கொடுக்கும் விலை அதுவே. அவ்விலை தகுமா, தகாதா என்பதைக் கணிதம் கூறாது. அது கிராம சபையில் கூடியிருப்போர் தம் மனச்சான்றைக் கேட்டுக் கூற வேண்டிய விடை. ஆயினும், விலை இவ்வளவு என்று அறிந்து பேசுவதற்கும் அறியாமல் பூசலிடுவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. பதின்மூன்றரை ஆயிரத்துக்காக ஒரு பகுதி மக்களைப் பட்டினி போடுவதா என்று கேட்டால், மேல்மடைக்காரரே மனம் இரங்கி இசைவர் என்று நாம் நம்புகிறோம். மேலும், 20 மடைநாள் நீருள்ள ஆண்டில் கீழ்மடைக்கு 8 நாள் இயல்பாகவே கிடைப்பதால், இப்புதிய வரம்பு எவரையும் கட்டுப்படுத்துவதில்லை; அவ்வாண்டு அதன் விலை சுழியே. ஆகவே, நல்ல ஆண்டிலேயே இத்தகைய தீர்மானத்தை நிறைவேற்றி வைத்துக்கொள்வது அறிவுடைமை. அப்போது எவருக்கும் இழப்பில்லை, எதிர்ப்பும் இராது.

இவ்வாறு, ‘இவ்வளவுக்குக் குறையாமல்’, ‘இவ்வளவுக்கு மிகாமல்’ என்னும் வகை வரம்புகளுக்கும் பெருக்கி முறையை விரித்தவர்கள் இருபதாம் நூற்றாண்டு அறிஞர்கள். 1939-ஆம் ஆண்டில் கரூஷ் என்பவரும், 1951-ஆம் ஆண்டில் கூன், டக்கர் என்னும் இருவரும் இதற்குரிய விதிகளை எழுதினர். அதே 1939-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டின் கந்தரோவிச் என்பவர், ஒட்டுப்பலகைத் தொழிலில் எந்த இயந்திரத்துக்கு எந்த மரத்தைக் கொடுப்பது என்ற கேள்வியிலிருந்து தொடங்கி, இதையொத்த பெருக்கிகளைக் கொண்டு உற்பத்தித் திட்டமிடும் முறையை வகுத்தார். 1975-ஆம் ஆண்டில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் கூப்மன்ஸ் என்பவருக்கும் வழங்கப்பட்டது.

தொட்டி கட்டும் கணக்கு

மற்றோர் உதாரணம் காண்போம். ஊர்க் கால்நடைகளுக்கு 32 கன மீட்டர் நீர் கொள்ளும் திறந்த தொட்டி ஒன்று கட்ட வேண்டும். அடித்தளம் சதுரம். மிகக் குறைந்த பூச்சுப் பரப்பில் முடிக்க, அளவுகள் எவ்வாறு இருக்க வேண்டும்? அடியின் பக்கத்தை ‘அ’ என்றும் உயரத்தை ‘உ’ என்றும் குறித்தால்,

பரப்பு = அ × அ + 4 × அ × உ
வரம்பு: அ × அ × உ = 32

பெருக்கி முறையில் கிடைக்கும் சமன்பாடுகள் இவை:

2 × அ + 4 × உ = ப × 2 × அ × உ
4 × அ = ப × அ × அ

இரண்டாவதிலிருந்து ப × அ = 4. அதனை முதலாவதில் இட்டால் 2 × அ + 4 × உ = 8 × உ; அதாவது அ = 2 × உ. உயரம் அடிப்பக்கத்தில் பாதி. கொள்ளளவு 32 ஆக வேண்டுமாதலால், அடி 4 மீட்டர், உயரம் 2 மீட்டர், பரப்பு 48 சதுர மீட்டர். அடியை 2 மீட்டராக்கி உயரத்தை 8 மீட்டராக்கினால் பரப்பு 68 சதுர மீட்டராகிவிடும். பெருக்கியின் மதிப்பு இங்கே 1. அதாவது, கொள்ளளவை ஒரு கன மீட்டர் கூட்ட விரும்பினால் பூச்சுப் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் கூடும். அடித்தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஆகும் செலவு சுவரைப் போல் இருமடங்கானால், மிகச் சிக்கனமான வடிவம் கன சதுரமே. பக்கம் ஏறக்குறைய 3.17 மீட்டர். செலவு மாறினால் வடிவமும் மாறும் என்பதை இதனால் அறியலாம்.

எச்சரிக்கைகள்

இம்முறையைக் கையாளுவோர் மூன்று செய்திகளை மறத்தல் கூடாது.

முதலாவது: பயன் படிப்படியாகக் குறைந்து வரும் இடங்களில்தான் மேற்கூறிய சம விதி மிகுந்த பயனைத் தரும். நெற்பயிருக்குப் பாதிக் காலம் நீர் விட்டுக் கதிர் வரும் சமயத்தில் நிறுத்தினால், முன்பு விட்ட நீரும் பெரும்பாலும் வீணாகும். அத்தகைய நிலையில் எல்லோருக்கும் சிறிது சிறிதாகக் கொடுப்பதைவிட, எத்தனை ஏக்கரை இறுதிவரை காப்பாற்ற முடியும் என்று முதலிலேயே முடிவு செய்து, அவ்வளவே நடவு செய்வது நலம்.

இரண்டாவது: பெருக்கி முறை காட்டும் இடம் உச்சியாகவும் இருக்கலாம், பள்ளமாகவும் இருக்கலாம். ஆதலின் விடை கண்டபின், அதற்கு இரு பக்கமும் சற்று நகர்ந்து கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் 12-8 என்னும் விடையை 10-10, 14-6 ஆகியவற்றோடு ஒப்பிட்டது இதற்காகவே.

மூன்றாவது: கணக்கு, நாம் இடும் எண்களுக்கு மேல் நம்பத்தக்கதன்று. எத்தனை நாள் நீர் விட்ட வயலில் எத்தனை மூட்டை கண்டது என்பதை ஒவ்வொரு மடையிலும் ஆண்டுதோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். நான்கைந்து ஆண்டுக் குறிப்பு இருந்தால் அவ்வூருக்குரிய எண்கள் தாமே கிடைக்கும். நீர்க்கட்டியின் அனுபவத்தையும் மூத்த உழவர்களின் மதிப்பீட்டையும் சேர்த்துக்கொள்வது இன்றியமையாதது.

பயிற்சி

வாசகர்கள் தாமே செய்து பார்க்க மூன்று கணக்குகளைத் தருகிறோம்.

1. நாற்றுப் பண்ணை ஒன்றுக்கு ஒரு பக்கம் சுவர் இருக்கிறது. மற்ற மூன்று பக்கங்களுக்கும் 120 மீட்டர் கம்பி வேலி உண்டு. மிகப் பெரிய செவ்வகப் பரப்பை அடைப்பது எங்ஙனம்?

2. அதே இடத்தில் மேலும் ஒரு மீட்டர் வேலி கிடைத்தால் பரப்பு ஏறக்குறைய எவ்வளவு கூடும்?

3. ஏரியில் 11 மடைநாள் நீர் இருக்கிறது. கீழ்மடைக்கு 4 நாளுக்குக் குறையாமல் தர வேண்டும் என்று தீர்மானித்தால் ஊரின் மொத்தப் பயன் எவ்வளவு குறையும்?

விடைகள்: 1. சுவருக்குச் செங்குத்தான பக்கங்கள் 30 மீட்டர், சுவருக்கு எதிர்ப்பக்கம் 60 மீட்டர். பரப்பு 1,800 சதுர மீட்டர். மூன்று பக்கமும் 40 மீட்டராக வைத்துச் சதுரமாக அடைத்தால் 1,600 சதுர மீட்டர்தான் கிடைக்கும். 2. பெருக்கியின் மதிப்பு 30. ஆகவே ஏறக்குறைய 30 சதுர மீட்டர் கூடும். 3. 325 ஆயிரத்திலிருந்து 319 ஆயிரமாக, 6 ஆயிரம் ரூபாய் குறையும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அளந்து போடுவதோடு, எங்கே போட்டால் எவ்வளவு விளையும் என்றும் எண்ணிப் போடுவது நம் காலத்தின் கடமை. அடுத்த முறை ஏரி நீர் பற்றி ஊர் கூடும்போது, எவருக்கு எத்தனை நாள் என்ற கேள்விக்கு முன்பாக, கடைசி நாளின் பயன் எங்கே எவ்வளவு என்ற கேள்வியை உறுப்பினர்கள் எழுப்புவார்களாக. பூசல் குறையும், நீரும் வீணாகாது, கடைமடையும் நனையும்.